மாடிப்படி ஏற முடியாதவருக்கு வீடு: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: எனக்கு வயது 36. திருமணம் ஆகவில்லை. இடுப்பு, தோள் தசைகளைத் தளர்த்தும் ‘லிம்ப் கர்டில்’ வகைத் தசைச்சிதைவு நோய் இருக்கிறது. தாம்பரம் பக்கம் முதல் மாடியில், 17 படி ஏறிப்போகும் வாடகை வீட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். அம்மாவுக்கு 64 வயது. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி செய்து மாதம் 14,000 ரூபாய் சம்பாதிக்கிறேன். கட்டடத்தைப் பழுதுபார்க்க வேண்டும், மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள் என்று ஹவுஸ் ஓனர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். தரைத்தள வீடு தேடினால், நான் நடப்பதைப் பார்த்ததும் ‘வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு’ என்கிறார்கள். 2019-ல் வாங்கிய சான்றில் 55 சதவீதம் என்று இருக்கிறது; அப்போது என்னால் படி ஏற முடிந்தது. ஊரில், காலமான அப்பாவின் பெயரில் ஒரு வீடு உண்டு. அதில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அரிய நோய்க்கு அரசு 50 லட்சம் ரூபாய் தருவதாகப் படித்தேன். அதை வைத்து வீடு வாங்க முடியுமா? என்னைப் போன்றவர்களுக்கு அரசு வீடு உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 50 லட்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி தரப்படும் உதவி அது. சிகிச்சைக்கு மட்டும்தான். அதுவும், அங்கீகரிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்கள் வழியாகத்தான் வரும். வாடகைக்கோ வீட்டுக்கோ அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அந்தப் பக்கம் அலைந்து இந்த மூன்று மாதத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

வீடு என்று வரும்போது உங்களுக்குக் கைகொடுப்பது மாற்றுத்திறனாளி சான்றுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் தசைச்சிதைவு பெயர் குறிப்பிட்டே இருக்கிறது. எல்லா அரிய நோயாளிகளுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. நோயின் பெயர் பட்டியலில் இல்லாதவர்கள், அந்த நோயால் வந்த கை கால் குறைபாட்டையோ பார்வைக் குறைபாட்டையோ காட்டித்தான் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. இதைப் படிக்கும் வேறு அரிய நோயாளிகளும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இது: அலுவலரிடமும் வீட்டுக்காரரிடமும் நோயின் பெயர் வேலைக்கு ஆகாது. உடலால் எதைச் செய்ய முடியவில்லை, அதற்கு வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படி, அடி, அங்குலக் கணக்கில் சொன்னால்தான் காரியம் நடக்கும்.

உங்கள் முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் வேகம் வேறு. அரசு வீடு மூன்று மாதத்தில் வராது. எவ்வளவு நன்றாக மனு எழுதினாலும் வராது. ஆகவே இப்போதைக்குத் தேவை ஒரு நல்ல தரைத்தள வாடகை வீடு; அரசு வீட்டுக்கான மனு அதன் கூடவே தனியாக ஓட வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை சான்று என்பதால் அதை இந்த வாரமே தொடங்குங்கள்.

2019-ன் 55 சதவீதம் இன்றைய உங்களைச் சொல்லவில்லை. தசைச்சிதைவு கூடிக்கொண்டே போகும் நோய் என்பதால் மறுமதிப்பீடு கேட்க உங்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ‘சுவாவலம்பன்’ இணையதளத்தில் யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன்னால் போக வேண்டும். அந்த அட்டையில் நிறம் உண்டு: 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். பல திட்டங்களில் முன்னுரிமை இந்தச் சதவீதத்தைப் பார்த்தே தரப்படுகிறது.

மருத்துவக் குழு எதைப் பார்க்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். அதோடு கால்களின் நிலைத்தன்மைக்கு, சமதரையில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, குந்தி உட்காருவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது, நடந்துகொண்டே திரும்புவது என ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பார்கள். இங்கேதான் பலருக்குச் சதவீதம் குறைந்துபோகிறது. டாக்டர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு ‘முடியும் சார்’ என்று எழுந்து நின்றுவிடுகிறார்கள். வீட்டில் நாற்காலியிலிருந்து எப்படி எழுகிறீர்களோ, தொடையில் கையை ஊன்றியோ, அம்மா தோளைப் பிடித்தோ, அப்படியே அங்கும் எழுந்து காட்டுங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நரம்பியல் மருத்துவரின் அறிக்கை, தசைகளின் மின் இயக்கத்தைப் பார்க்கும் ஈஎம்ஜி, தசைச் சேதத்தைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை செய்திருந்தால் அதன் முடிவு எல்லாம் கையில் இருக்கட்டும். சான்று கையில் வந்ததும் அது நிரந்தரமா, குறிப்பிட்ட தேதி வரைதானா என்று பாருங்கள். தேதி முடிந்த சான்றோடு மனு கொடுத்தால் முதல் மேசையிலேயே திரும்பி வரும். ஆதார், யுடிஐடி, ரேஷன் கார்டு மூன்றிலும் பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் முகவரியும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள். ஒரு தலைப்பெழுத்து மாறியிருந்தாலே விண்ணப்பம் மாதக்கணக்கில் தங்கிவிடும்.

அதே மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டிடம் இன்னொரு கடிதம் கேட்டு வாங்குங்கள். சான்றில் சதவீதம் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு வேண்டியது அதில் இருக்காது. ‘கைப்பிடியும் ஆள் துணையும் இல்லாமல் படி ஏற இயலாது, 18 அங்குலத்துக்குக் குறைந்த உயர இருக்கையிலிருந்து எழ இயலாது, சக்கர நாற்காலி தேவைப்படும் நிலை வரும், எனவே தரைத்தளமும் அகலமான கதவும் அவசியம்’ என்று அரைப் பக்கம் போதும். உங்களுக்குப் பொருந்துகிற விவரங்களை மருத்துவர் பார்த்து எழுத வேண்டும். ஹவுஸ் ஓனர் முதல் ஆட்சியர் வரை எல்லோரிடமும் காட்டக்கூடிய ஒரே தாள் இது. மருத்துவ விவரம் எதையும் இதற்கு மேல் யாருக்கும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இருக்கிற வீட்டைப் பற்றி. வாய்மொழியாகக் காலி செய்யச் சொன்னதால் மட்டும் உங்களை வெளியேற்றிவிட முடியாது. 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நீங்களாகக் காலி செய்யாவிட்டால் அவர் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். வழக்கு நடந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம். அதே சட்டத்தில், பழுதுபார்ப்பதற்காக வீட்டைக் கேட்க ஓனருக்கும் உரிமை உண்டு என்பதையும் மறந்துவிட வேண்டாம். என் கருத்து, 17 படி ஏற வேண்டிய வீட்டுக்காக வழக்காடுவதில் பயனில்லை. சட்டத்தை அவகாசம் வாங்கிக்கொள்ளப் பயன்படுத்துங்கள். ‘மாற்றுத்திறனாளி என்பதால் தரைத்தள வீடு கிடைக்க நேரமாகிறது, இந்தத் தேதி வரை அவகாசம் தாருங்கள், அட்வான்ஸைக் காலி செய்யும் அன்றே திருப்பித் தாருங்கள்’ என்று எழுதி, ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது அனுப்பிவையுங்கள். வாடகையை ரொக்கமாகக் கொடுத்துவந்தால் இனி வங்கி வழியாகக் கொடுங்கள், அதுதான் ஆதாரம்.

சட்ட உதவிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. நீங்கள் இரண்டு வகையிலும் வருகிறீர்கள். வருமான வரம்பும் கிடையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

அடுத்தது வீடு தேடுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவறான வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஆறு மாதத்தில் மீண்டும் தேடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு. இன்று நீங்கள் நடக்கிறீர்கள். ஆனால் வீட்டைப் பார்க்கும்போது சக்கர நாற்காலி அளவுக்கே பாருங்கள். நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை. அம்மாவோ உறவினரோ ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போகட்டும், நீங்கள் வீடியோ காலில் இருங்கள்.

முதலில் தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி, ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம். சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்பதுதான் பாதுகாப்பான கணக்கு, அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். வாசல் 18 அங்குல உயரத்தில் இருந்தால் 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து இரண்டு அடி உயர்த்திக் கட்டிய வீட்டுக்கு 24 அடி. முன்வாசலில் அவ்வளவு இடம் இருக்காது. ‘சின்னதா ஒரு ஸ்லோப் போட்டுத் தர்றோம்’ என்று சொல்லி நான்கு அடியில் செங்குத்தாகப் போட்டுத் தருவார்கள். அதில் நாற்காலி பின்னால் சாயும், நடப்பவருக்கு முழங்கால் மடங்கிவிடும். உங்கள் வகை நோயில் இடுப்புத் தசைதான் முதலில் தளர்கிறது என்பதால், இன்றைய நிலையில் சாய்தளத்தைவிட, உயரம் குறைந்த படிகளும் இரண்டு பக்கக் கைப்பிடியும்தான் சிலருக்கு எளிது. ஏழு அங்குலப் படியின் பாதி உயரத்துக்கு ஓர் இடைப்படி வைத்தால் அது மூன்றரை அங்குலப் படிகளாகிவிடும். இரண்டு மூன்று படி உள்ள வாசல் என்றால் இப்போதைக்கு இதையே செய்யலாம், பின்னால் சாய்தளத்துக்கு இடம் இருந்தால் போதும்.

கதவைத் திறந்து வைத்து, நிலைச்சட்டத்துக்கும் திறந்த கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். கதவின் அகலத்தை அளந்தால் ஏமாந்துவிடுவோம். 900 மில்லிமீட்டர், அதாவது மூன்று அடி இருந்தால் நல்லது. சாதாரண சக்கர நாற்காலியே 25 அங்குலம் அளவுக்கு அகலம் இருக்கும். கைமுட்டி இடிக்காமல் போகவும் இடம் வேண்டும். கூடத்தில் நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்துக்கு ஐந்து அடி வெற்றிடம் தேவை.

பெரும்பாலான வீடுகளில் சிக்கல் குளியலறையில்தான். இரண்டரை அடிக் கதவு, நிலைச்சட்டம் போக நுழைவதற்கு இருபத்து நான்கு இருபத்தாறு அங்குலம்தான் மிஞ்சும். தண்ணீர் வெளியே வராமல் தடுக்க வாசலில் ஒரு திண்டு. கதவு உள்பக்கம் திறக்கும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் வெளியிலிருந்து திறக்கவே முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்குமாறு கீலை மாற்றுவது ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை, ஓனர் சம்மதித்தால் போதும். வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம். அதன் இருக்கை உயரம் 450 முதல் 480 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு. உங்களுக்கு அது போதாமல் போகலாம், மேலே பொருத்தும் உயர்த்தி இருக்கை கடையில் கிடைக்கிறது. கைப்பிடிக் கம்பி 38 முதல் 45 மில்லிமீட்டர் விட்டத்தில், சுவரிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதை டைல்ஸின் மேல் பசை போட்டோ, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் வைத்தோ ஒட்டாதீர்கள். உடல் எடை விழும்போது கையோடு வந்துவிடும். செங்கல் சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட்டால்தான் பொருத்த வேண்டும். கழிப்பறைப் பக்கச் சுவர் மெல்லிய தடுப்புச் சுவராக இருந்தால் கம்பி நிற்காது, அந்த வீட்டை விட்டுவிடுவது நல்லது.

தாம்பரம் வட்டாரத்தில் தரைத்தளம் என்றதும் வாடகை குறைவாக வீடுகள் கண்ணில் படும். காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது எல்லோருக்கும் தெரியும். எழுந்து மாடிக்கு ஓட முடியாதவருக்கு அது உயிர் விஷயம். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஓனரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டில், தெருமுனைக் கடையில் கேளுங்கள். சுவரின் வெளிப்பக்கத்தில் கறை இருந்தால் அதுவே சொல்லிவிடும். புதிய அடுக்குமாடிகளில் தரைத்தளம் வண்டி நிறுத்தும் இடமாகவே போய்விடுவதால், முதல் மாடியும் லிஃப்ட்டும்தான் கிடைக்கும். அப்படியானால் லிஃப்ட் கதவின் அகலத்தை அளந்து, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்ட் ஓடுமா, விளக்கு மட்டும் எரியுமா என்று கேளுங்கள். நாலு பேர் லிஃப்ட் என்றால் கதவு 700 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும், நாற்காலி நுழைவது பெரும்பாடு. மூச்சுத் தசை தளர்ந்து இரவில் மூச்சுவிட உதவும் பைபாப் கருவி தேவைப்படும் நிலை சில வகைகளில் வரும். உங்கள் மருத்துவர் அதைப்பற்றிப் பேசியிருந்தால், படுக்கையருகே இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வீடு கொடுக்க மறுப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது எவ்வளவு வலிக்கும் என்று புரிகிறது. பாகுபாடு கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் ஒரு தனியார் வீட்டுக்காரரை, உங்களுக்கே வாடகைக்குக் கொடு என்று கட்டாயப்படுத்துவது நடைமுறையில் மிகக் கடினம். ஆகவே அவர்களுடைய பயத்துக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பயம்: சுவரை உடைப்பார்கள், வாடகை நின்றுவிடும், ஏதாவது நடந்தால் நம் தலையில் விழும். நேரில் பார்த்துத் திகைக்கவிடாமல், வீடு பார்க்கும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: ‘எனக்குப் படி ஏற முடியாது, மற்றபடி வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், அம்மா கூட இருக்கிறார். குளியலறையில் இரண்டு கம்பி போட வேண்டும்; காலி செய்யும்போது எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்துத் தருகிறேன். எழுதியே கொடுக்கிறேன்.’ ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமும் இப்போதைய ஓனரிடம் வாடகை ஒழுங்காகக் கொடுத்ததற்கான கடிதமும் கையில் இருந்தால் பேச்சு எளிதாக முடியும். கூடுதல் வாடகை தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். வேண்டுமானால், பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவுக்கென்று திருப்பித்தரக்கூடிய ஒரு சிறு தொகையை அட்வான்ஸில் சேர்த்துக்கொள்ளலாம். அட்வான்ஸுக்குச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. வேறுவிதமாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது என்பதால் பத்து மாதம் கேட்பார்கள். மூன்றிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிவும் செய்ய வேண்டும். பதிவு செய்யாத தாள் பிரச்சினை வரும் நாளில் உங்களைக் காப்பாற்றாது. அதில் கம்பி, சாய்தளம், கதவுக் கீல் மாற்றம் ஆகியவற்றுக்கு ஓனரின் சம்மதத்தைப் பெயர் குறிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் கட்டடத்தில் மாற்றம் செய்தால் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். வழக்கமான 11 மாதத்துக்குப் பதில் மூன்று வருடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் உண்டு. ஆனால் உங்களைப் போல வீட்டில் பணம் போட்டு மாற்றங்கள் செய்யப்போகிறவருக்கு அந்தச் செலவு தகும்.

இனி அரசு வீடு. 2016 சட்டத்தின் 37-ம் பிரிவு, வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு இது பொருந்தும், பெண்களுக்கு முன்னுரிமையும் உண்டு. நகர்ப்புறத்தில் நீங்கள் அணுக வேண்டியது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது பழைய குடிசை மாற்று வாரியம். மத்திய அரசின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டமான பிரதமர் ஆவாஸ் யோஜனா 2.0, 2024 செப்டம்பரிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு நடக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 1,68,000. அம்மாவுக்கு உதவித்தொகை ஏதும் வந்தால் அதையும் சேர்த்தே வருமானச் சான்று வாங்குங்கள். சொந்த மனை இருப்பவர் வீடு கட்டிக்கொள்ளும் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. கடன் வட்டிக்கு 4 சதவீத மானியம் தரும் பிரிவும் உண்டு, ஆனால் 14,000 ரூபாய் வருமானத்தில் தவணை கட்டுவது கழுத்தை நெரிக்கும். வாரியம் கட்டிய வீட்டில் பங்குத்தொகை செலுத்திப் பெறும் பிரிவைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் கிராமப்புறக் குடிசைவாசிகளுக்கானது. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அப்பா பெயரில் உள்ள வீடுதான் இதில் பெரிய முடிச்சு. இந்தியாவில் எங்கும் குடும்பத்தார் பெயரில் உறுதியான வீடு இருக்கக் கூடாது என்பது மத்தியத் திட்டத்தின் நிபந்தனை. திருமணமாகாத நீங்களும் அம்மாவும் ஒரே குடும்பமாகக் கணக்கில் வருவீர்கள். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அந்த வீட்டில் உங்கள் இருவருக்கும் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். இதை மறைத்து ‘சொந்த வீடு இல்லை’ என்று உறுதிமொழி கொடுக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் ஒதுக்கீடே ரத்தாகும். இன்னொன்றும் நடக்கும். ‘உன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிடு, அரசு வீடு கிடைக்கும்’ என்று யாராவது சொல்லுவார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இன்னும் கிடைக்காத வீட்டுக்காகக் கையில் இருக்கும் சொத்துரிமையை விட்டுவிடுவது ஆபத்து. சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரிடம் பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் காட்டி, உங்கள் பங்கு என்ன, அதற்கு ஈடாக அண்ணனிடம் பணமாகப் பெற முடியுமா என்று கேளுங்கள். அந்தப் பணமே வாரியத்துக்குச் செலுத்தும் பங்குத்தொகைக்கு உதவலாம். அண்ணனிடம் இதைப் பேசுவது சங்கடம்தான். மூன்றாவது மனிதராக வழக்கறிஞர் இருந்தால் பேச்சு உறவை முறிக்காமல் நடக்கும்.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். நகல்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் வாரியத்தின் கோட்ட அலுவலகத்துக்கும் போகட்டும். நீங்கள் போக முடியாவிட்டால் அம்மா கொடுக்கலாம். ‘ஏதாவது உதவி செய்யுங்கள் ஐயா’ என்று முடியும் மனுக்கள் பரிதாபத்தைத் தேடித்தரும், வீட்டைத் தராது. கேட்பது என்ன என்று ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

‘தசைச்சிதைவு நோயால் கைப்பிடியும் ஆள் துணையும் இன்றி ஒரு படியும் ஏற இயலாத நிலையில் உள்ளேன். 64 வயதுத் தாயுடன் வாடகை வீட்டில் வசிக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 37-ன்படியான 5 சதவீத ஒதுக்கீட்டில், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வாரியக் குடியிருப்பில் எனக்குத் தரைத்தள வீடு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். குலுக்கல் முறையில் ஒதுக்கினால், தரைத்தள வீடுகளைத் தனியே பிரித்து மாற்றுத்திறனாளிகளுக்குள் மட்டும் குலுக்க வேண்டுகிறேன்.’

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பொதுக் குலுக்கலில் மூன்றாம் மாடி விழுந்துவிட்டால், பிறகு மாற்றித்தரச் சொல்லி அலைவது புது மனுவைவிடக் கடினம். குலுக்கலுக்கு முன்பே எழுத்தில் கேட்டிருந்தால் உங்கள் பக்கம் ஆதாரம் இருக்கும். கூடவே, பயனாளி பங்குத்தொகை எவ்வளவு, தவணை உண்டா, மாற்றுத்திறனாளிக்குத் தள்ளுபடியோ வேறு துறையின் நிதியோ உண்டா என்றும் வாரியத்திடம் எழுத்திலேயே பதில் கேளுங்கள். மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.

ஒரு மாதம் பொறுத்தும் பதில் இல்லை என்றால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் மனு எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதன்பின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு இரண்டே கேள்வி: என் மனு இப்போது எந்த அலுவலரிடம் எந்த நிலையில் இருக்கிறது? கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் ஒதுக்கிய வீடுகளில் எத்தனை மாற்றுத்திறனாளிகளுக்குப் போயின, அவற்றில் எத்தனை தரைத்தளம்? 30 நாளில் பதில் தர வேண்டும். 5 சதவீதம் தரப்படவில்லை என்று அதில் தெரிந்தால், அந்தப் பதிலையே இணைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யுங்கள். அவருக்கு அலுவலர்களை அழைத்து விசாரிக்க உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. கட்டணம் ஏதும் வேண்டாம், வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

மாத வருமானத்துக்கு ஒரு சிறு வழி. தசைச்சிதைவு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. வாங்குவதாக நீங்கள் எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உடனே விண்ணப்பியுங்கள். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியும் அங்கேதான் கேட்க வேண்டும். ஆனால் அது கனமானது, இரண்டு படி இருந்தாலும் தூக்கி ஏற்ற முடியாது. சாய்தளம் உள்ள வீட்டுக்குப் போன பிறகு வாங்குங்கள். அறக்கட்டளைகளிடம் உதவி கேட்பதாக இருந்தால் மாத வாடகை கேட்காதீர்கள், யாரும் தொடர்ந்து தர மாட்டார்கள். அட்வான்ஸுக்கோ, கம்பியும் சாய்தளமும் போடவோ, ஒரே முறைச் செலவாகத் தொகையும் மதிப்பீடும் போட்டுக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

யாராவது ‘விடுதியில் சேர்ந்துவிடுங்களேன்’ என்று சொல்லக்கூடும். அலுவலகத்திலேயே சொல்லலாம். சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை 2016 சட்டத்தின் 5-ம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில்தான் தங்க வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உங்களுக்கு விருப்பமில்லை என்றால், ‘வீடுதான் கேட்கிறேன்’ என்று சொல்லி மனுவைத் திரும்பப் பெறாமல் இருங்கள்.

ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தால் பங்குத்தொகையைக் கட்டும் முன் அந்த வீட்டையே, கடிதத்தில் உள்ள பிளாக் எண், கதவு எண்ணோடு, அம்மாவை அனுப்பி வாடகை வீட்டை அளந்த அதே டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். வாசற்படி, குளியலறைக் கதவு, கழிப்பறை உயரம் ஆகியவற்றில் மாற்ற வேண்டியது இருந்தால், பிசியோதெரபிஸ்ட் கடிதத்தை இணைத்துச் சாவி வாங்குவதற்கு முன்பே செய்துதரக் கோருங்கள். மருத்துவமனைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் எவ்வளவு தூரம், ஆட்டோ வாசல் வரை வருமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்கான நோட்டீஸை, அந்த வேலை முடிந்ததை அம்மா கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள்.